கண்ணாடியில் வெளிச்சம் பரவ: லேசரா, மணலா, ஆசிடா?

தெளிந்த கண்ணாடிக்குப் பின்னால் எல்.இ.டி. எரிந்தால் ஒவ்வொரு புள்ளியும் தனியாகக் கண்ணைக் குத்தும். வெளிச்சம் பரவ வேண்டுமென்றால் கண்ணாடியின் பரப்பைச் சொரசொரப்பாக்க வேண்டும். லேசர், மணல் வீச்சு, ஆசிட் என மூன்று வழியிலும் செய்த கண்ணாடிகளை ஒரே விளக்கின் முன் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்திருக்கிறேன். பரப்பு முழுவதும் ஒரே சீராக ஒளிர வேண்டுமா? லேசர் வேண்டாம்.

ஏன் என்று சொல்கிறேன். பட்டறைகளில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு லேசரின் அலைநீளம் 10.6 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). நமக்குத் தெளிவாகத் தெரியும் கண்ணாடி இந்த ஒளியை உள்ளே விடாது. மேலே சில மைக்ரான் ஆழத்திலேயே உறிஞ்சிக்கொள்ளும். மேல்தோல் மட்டும் கண நேரத்தில் சூடேறி ஆறுகிறது, அடிப்பகுதி குளிர்ந்தே கிடக்கிறது. சன்னல் கண்ணாடி சூட்டுக்கு நன்றாக விரிகிற வகை. அதனால் மேல்தோல் வெடித்துச் சில்லுசில்லாகப் பெயர்கிறது. வெள்ளையாகத் தெரிவது அந்த நுண்விரிசல்கள்தான். தூய சிலிக்கா கண்ணாடி இதில் பதினைந்தில் ஒரு பங்குகூட விரியாது. அதை இதே லேசரால் உருக்கி வழவழப்பாக்கவே செய்கிறார்கள்!

ஈரமான நியூஸ்பேப்பரை ஒட்டி, பவரைக் குறைத்து அடித்தால் சில்லு பெயர்வது குறையும். ஆனாலும் பெரிய பரப்பில் லேசர் ஓடிய கோடுகள் வெளிச்சத்தில் வரிவரியாகத் தெரியும். அப்புறம், ஒட்டியிருக்கும் சில்லுகளைத் தண்ணீர் ஊற்றி பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தாக வேண்டும். வெறுங்கையால் தடவாதீர்கள்.

மணலை வேகமாக வீசிப் பரப்பை அரிக்கும் சேண்ட் பிளாஸ்டிங்குக்கு அமெரிக்கரான டில்க்மன் 1870-இலேயே காப்புரிமை வாங்கிவிட்டார். வேகமான வேலை, சீரான மங்கல். குறை, விரல் பட்டால் தெரிவது. எண்ணெய்ப்பசை குழிகளை நிரப்புகிறது. எண்ணெயும் கண்ணாடியும் ஒளியை ஏறக்குறைய ஒரே அளவு வளைப்பதால் அந்த இடம் மறுபடி தெளிந்துவிடுகிறது. சொரசொரப்பான பக்கத்தை உள்ளே வைத்துவிட்டால் சரி. ஆற்றுமணலை மட்டும் வீச வேண்டாம், அந்தத் தூசி சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோயைத் தரும். அலுமினியம் ஆக்சைடு வாங்குங்கள்.

வெளிச்சத்தின் அழகில் என் ஓட்டு ஆசிடுக்குத்தான். குண்டு பல்பின் உட்பக்கத்தை ஆசிடில் மங்கலாக்கியபோது கண்ணாடி பலமிழந்து உடைந்துகொண்டிருந்தது. கூர்மையான குழிகளிலிருந்து விரிசல் கிளம்பியதே காரணம். ஜெனரல் எலெக்ட்ரிக்கில் மார்வின் பிப்கின் இரண்டாவது முறையும் ஆசிட் விட்டு அந்தக் குழிகளை உருண்டையாக்கினார். 1925-இல் உட்பக்கம் மங்கலான பல்புகள் வந்தன. இன்றைய ஆசிட் கண்ணாடி பட்டுப்போல் இருப்பதற்கும் கைரேகை அவ்வளவாகத் தெரியாததற்கும் இந்த மழுங்கிய குழிகள்தான் காரணம். ஆனால் கண்ணாடியை அரிக்கும் இந்த ஹைட்ரோஃபுளோரிக் ஆசிட் தோலில் பட்டால் முதலில் வலிக்காமலே உள்ளே இறங்கி, உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். உயிரே போகலாம். நீங்களே செய்யாதீர்கள், ஆசிடில் அரித்த கண்ணாடியாகவே கடையில் வாங்குங்கள்.

மிகமிகக் குறுகிய துடிப்புகளாக அடிக்கும் பெம்டோசெகண்ட் லேசர், சூடு பரவுவதற்குள் வேலையை முடித்துவிடும், விரிசலும் மிகக் குறைவு. விலைதான் சிறு பட்டறைக்கு எட்டாது.

லேசர் ஜெயிக்கும் இடமும் ஒன்று இருக்கிறது: விளிம்பிலிருந்து ஒளியேற்றும் பலகை. விளிம்பில் நுழையும் ஒளி உள்ளேயே மோதி மோதிப் பயணிக்கும். பின்பக்கத்தில் சொரசொரப்பான புள்ளியைத் தொட்டால்தான் வெளியே வரும். எல்.இ.டி. பக்கம் புள்ளிகளை இடைவெளி விட்டு, தூரம் போகப்போக நெருக்கமாக வைத்தால் பலகை ஒரே சீராக எரியும். மணலுக்கும் ஆசிடுக்கும் இதற்கென்று மறைப்பு ஒட்ட வேண்டும். லேசருக்கு ஒரு கோப்பு போதும், புள்ளியின் நெருக்கத்தைத் திருத்தித் திருத்திப் பார்க்கலாம். டஃபன்ட் (சூடேற்றி வலுவாக்கிய) கண்ணாடியில் மட்டும் அடிக்காதீர்கள், மொத்தமும் நொறுங்கக்கூடும். விளிம்பையும் வழவழவென்று பாலிஷ் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் ஒளி நுழையும் இடத்திலேயே சிதறிவிடும், கடைசி வரிசைப் புள்ளிகள் இருட்டிலேயே கிடக்கும்.