பல் பிடுங்கிய அன்றே இம்ப்ளான்ட்: சொந்த எலும்பா, மாட்டெலும்புத் துகளா?

பிடுங்கிய குழியிலேயே இம்ப்ளான்ட் (செயற்கைப் பல்லைத் தாங்க எலும்பில் பதிக்கும் திருகு) வைத்தால், அதற்கும் உதட்டுப்பக்க எலும்புச் சுவருக்கும் நடுவே இடைவெளி விழும். அது 2 மி.மீ.யைத் தாண்டினால் பெரும்பாலும் நிரப்பச் சொல்வார்கள். எதை வைத்து?

செலவு: சொந்த எலும்புக்குப் பொருள் விலை கிடையாது. துகளுக்குத் தனிக் காசு.

வலி: சொந்த எலும்பென்றால் தாடையில் இன்னோர் இடத்தில் சுரண்ட வேண்டும், அங்கும் வீங்கும். துகளோ குப்பியில் வருகிறது. ரத்தத்தில் நனைத்தால் ஈர மணல் மாதிரி சேரும், அடைத்துவிடலாம்.

நிலைப்பு: இதைத்தான் முக்கியமாகப் பார்க்க வேண்டும். சொந்த எலும்பில் உயிரணுக்கள் உண்டு. வேகமாகப் புது எலும்பாகும். ஆனால் கரைந்து அளவும் குறையும். மாட்டெலும்பு பல ஆண்டுகள் கரையாமல் நின்று, வெளிப்பக்கம் குழிவிழுவதைக் குறைக்கும்.

சிரித்தால் தெரியும் முன்பல்லுக்கு நான் துகளையே சொல்வேன். மாட்டுப் பொருள் வேண்டாம் என்பவர்கள் தயவுசெய்து டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இடைவெளி சின்னதாக இருந்தால் அவர்களுக்குச் சொந்த எலும்பே போதும்.