காரைக்குடி டிக்கெட்டும் ஹில்குரோவ் பணியாரமும்

கார்த்திகைக் கடைசியில் ஊருக்கு வருகிறேன் என்றதும் அயித்தை கேட்டது ஒன்றே ஒன்று. "ஊட்டி கரி வண்டியில ஒரு தடவை கூட்டிக்கிட்டுப் போப்பா." மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு மலையேறும் நீராவி ரயிலைத்தான் சொன்னார். கோலாலம்பூரில் உட்கார்ந்துகொண்டு டிக்கெட் எடுக்கச் சோம்பல்பட்டு, காரைக்குடியில் ஒரு டிராவல்ஸ்காரருக்குப் பணம் அனுப்பினேன். வினையை அங்கேயே விதைத்துவிட்டேன்.

முதலில் டிக்கெட் எடுத்த தேதிக்கு இரண்டு நாள் முன்பு மலையில் மழை கொட்டி, மண் சரிந்து வண்டி ரத்து. வடகிழக்குப் பருவமழையில் அந்தப் பாதைக்கு இது வாடிக்கைதான், யாரையும் நோக முடியாது. ரயில்வேயே ரத்து செய்தால் இணையத்தில் எடுத்த டிக்கெட்டின் முழுக் கட்டணமும் எடுத்தவர் கணக்குக்குத் தானாகத் திரும்பிவிடும். எடுத்தவர் டிராவல்ஸ்காரர். "இன்னும் வரலைண்ணே" என்பார். அடுத்த தேதிக்கு அவர் கொடுத்தது வெயிட்டிங் லிஸ்ட். "அதெல்லாம் கன்பார்ம் ஆயிரும்ணே." ஆகவில்லை. தேவகோட்டைச் சித்தப்பா மகன்தான் நடுவாரத்து நாளாகப் பார்த்து, தன் ஐடியில் இரண்டு சீட் எடுத்துக் கொடுத்தான்.

திருச்சி, கரூர் வழியாகக் காரில் போய் மேட்டுப்பாளையத்தில் இரவு தங்கினோம். காலை 7.10க்கு வண்டி. அயித்தைக்கு மூட்டு வலி, பெட்டிப் படியோ உயரம். சொல்லாமலே ஓர் ஊழியர் வந்து, "பையை எங்கிட்ட குடுங்கம்மா, கம்பியைப் புடிச்சு மெதுவா ஏறுங்க" என்றார். அவர் பிரேக்ஸ்மேன். பெட்டிக்கு ஒருவர் இப்படி உண்டு. வாசல் மேடையில் பனியில் நின்றபடியே கொடி காட்டுவதும் பிரேக் பிடிப்பதும் அவர்கள் வேலை.

எஞ்சின் முன்னால் இழுப்பதில்லை, பின்னாலிருந்து தள்ளுகிறது. கல்லாறு தாண்டியதும் இரு தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை தொடங்க, எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறுகிறது. பன்னிரண்டு அடி போனால் ஓரடி ஏற்றம். குன்னூர் வரையான 27 கிலோமீட்டருக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல். 1899இல் போட்ட பாதை. ஆத்தங்குடிக் கல் பதித்த எங்கள் வீடே இதற்குப் பின்னால் கட்டியதுதான்.

எங்களுக்குக் கிடைத்தது கடைசிப் பெட்டி, அதாவது எஞ்சினை ஒட்டியது. அயித்தையின் வெள்ளைத் துண்டில் புள்ளி புள்ளியாகக் கரி. நான் ஜன்னலை இறக்கப் போனேன், விடவில்லை. "சின்னப்புள்ளையில காரைக்குடி வண்டியிலயும் இப்படித்தான் கண்ணுல விழும்" என்று துண்டை உதறிவிட்டு மறுபடி தலையை நீட்டினார்.

வழியில் ஹில்குரோவ் ஸ்டேஷனில் எஞ்சின் தண்ணீர் குடிக்க நின்றது. எங்கள் பெட்டியில் கழிவறை இல்லாததால் ஆளுக்கு ஆள் இறங்கி ஓடினார்கள். அந்த நேரம் பார்த்து அயித்தை சம்புடத்தைத் திறந்தார். வெள்ளைப் பணியாரம் நாலையும் ஒரு குரங்கு அள்ளிக்கொண்டு போனது. வரமிளகாய்ச் சட்னியை மட்டும் மோந்துவிட்டு வைத்துவிட்டது. ஸ்வெட்டருக்குள் நடுங்கிக்கொண்டே பெட்டி முழுக்கச் சிரிப்பு.

குன்னூரில் நீராவி எஞ்சினைக் கழற்றி டீசலை மாட்டினார்கள். அயித்தை அத்தோடு வேடிக்கை பார்ப்பதை நிறுத்திவிட்டார். "இதுக்கு நம்ம பல்லவன் எக்ஸ்பிரஸே போதும்" என்று சால்வையைப் போர்த்திக்கொண்டு தூங்கினார், ஊட்டி வரை.

டிராவல்ஸ்காரர் பாதிப் பணம் கொடுத்தார். மீதிக்குத் தேவகோட்டைத் தம்பி இன்னும் நடையாய் நடக்கிறான்.