நேவ்ஸ் டாப்பிக்கல் பைபிள்: பழைய பிரதி வாங்கியவர் எழுதுவது

முதலில் தேடிப் பார்த்தது உப்பு. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு 'நீங்கள் பூமிக்கு உப்பாயிருக்கிறீர்கள்' வசனத்தை வைத்துப் பாடம் எடுக்க வேண்டிய வாரத்தில்தான், பைபிள் வசனங்களைத் தலைப்பு வாரியாக அடுக்கித் தரும் இந்த ஆங்கிலப் புத்தகம் பார்சலில் வந்தது. பிரித்து 'சால்ட்' என்ற இடத்துக்குப் போனால், உப்புத்தூணான லோத்தின் மனைவி, பலிகளில் உப்பு சேர்க்கச் சொல்லும் லேவியராகமம் 2:13, எரிகோவின் கெட்ட தண்ணீரில் எலிசா உப்பு போட்டது, அப்புறம் உருவகமாக வரும் இடங்கள் தனியாக, அதில் நம் பேச்சு உப்பால் சாரமேறியிருக்க வேண்டும் என்கிற கொலோசெயர் 4:6. நானாகத் தேடியிருந்தால் லோத்தின் மனைவியோடு நின்றிருப்பேன். இன்னொன்றும் கிடைத்தது. எண்ணாகமம் 18:19இல் ஆங்கிலத்தில் 'உப்பு உடன்படிக்கை' என்று இருப்பது நம் பழைய தமிழ் வேதாகமத்தில் 'மாறாத உடன்படிக்கை' என்றுதான் இருக்கிறது. தமிழில் உப்பு என்று எத்தனை முறை தேடினாலும் அது அகப்படாது.

தொகுத்தவர் ஆர்வில் ஜே. நேவ், அமெரிக்க ராணுவத்தில் சாப்ளினாக, அதாவது படைவீரர்களுக்கான குருவாக, இருந்த மெதடிஸ்ட் சபைப் போதகர். 1890களின் பிற்பகுதியில் முதன்முதலாக வெளிவந்தது. ராணுவ முகாம் வாழ்க்கையில் கிடைத்த அமைதியான நேரங்களில் 14 வருடம் உட்கார்ந்து செய்த வேலை, மனைவி அன்னாவும் கூடவே உழைத்திருக்கிறார். தலைப்புகளும் உபதலைப்புகளுமாக 20,000க்கு மேல், வசனக் குறிப்புகள் சுமார் ஒரு லட்சம். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில், பென்சிலும் காகிதமுமாக! எனக்கு அந்தத் தம்பதியை நினைத்தாலே மரியாதை வருகிறது.

கன்கார்டன்ஸ் (பைபிள் சொல்லகராதி) ஏற்கெனவே வைத்திருக்கிறேனே, இது எதற்கு என்று கேட்பவர்களுக்கு: கன்கார்டன்ஸில் சொல் இருந்தால்தான் வசனம் கிடைக்கும். இங்கே 'ஜெபம்' என்று போனால், அந்தச் சொல்லே வராத இடத்தில் ஒருவர் ஆண்டவரை நோக்கிக் கூப்பிட்டதும் சேர்ந்து வரும், அதிலும் பதில் கிடைத்த ஜெபங்கள் வேறாக. ஒரே பெயர்க்காரர்களை எண் போட்டுப் பிரித்திருக்கிறார். சகரியா என்ற பெயரில் வேதாகமத்தில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் உண்டு, யார் எவர் என்று குழம்பியவர்களுக்கு அந்த ஒரு பகுதியே போதும். முக்கியமான தலைப்புகளில் குறிப்பு எண் மட்டும் போடாமல் வசனத்தையே அச்சிட்டிருப்பதும் பெரிய உதவி. இதே மாதிரித் தலைப்பு வாரியாக 1897இல் வந்த டோரியின் டாப்பிக்கல் டெக்ஸ்ட்புக் கைக்கு அடக்கம்தான், ஆனால் அதில் எண்கள்தான் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் பைபிளைப் புரட்ட வேண்டும்.

என் பிரதி நூறு வருடத்துக்கு மேல் பழையது. நல்ல நிலையில் இருக்கிறது என்று விற்றவர் சொன்னார். வந்ததோ முதுகு பிளந்து, கடைசியில் சில பக்கங்கள் இல்லாமல். விலையைக் குறைத்திருக்கலாம், குறைந்தபட்சம் சொல்லியாவது இருக்கலாம். வாங்கும் முன் கடைசிப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஆனால் 'கம்ஃபர்ட்' (ஆறுதல்) பக்கத்தின் ஓரத்தில் யாரோ பென்சிலால் மூன்று வசனங்களுக்கு நேரே மெல்லிய கோடு போட்டிருக்கிறார்கள், காகிதம் அந்த இடத்தில் மட்டும் விரல் பட்டுப் பட்டுக் கறுத்திருக்கிறது. அதைப் பார்த்த பிறகு திருப்பி அனுப்ப மனம் வரவில்லை.

குறை என்றால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வசனங்களைத் தலைப்பின் கீழ் எடுத்து அடுக்கும்போது பேசியவர் யார் என்பது போய்விடுகிறது. துன்மார்க்கருக்கு வரும் தண்டனை பற்றிய பகுதியில் யோபு புத்தகத்து வசனங்கள் வரிசையாக வரும், அவற்றில் பலவும் யோபுவின் நண்பர்களான எலிப்பாஸும் பில்தாத்தும் சோப்பாரும் பேசியவை. நீங்கள் என்னைக் குறித்துச் சரியாகப் பேசவில்லை என்று கர்த்தரே அவர்களைக் கடிந்துகொண்டார் (யோபு 42:7). நோய்ப்படுக்கையில் இருப்பவர் வீட்டில் ஜெபிக்கப் போகிறவர், அந்தப் பட்டியலிலிருந்து சோப்பாரின் வார்த்தையை எடுத்து வாசித்துவிட்டால் என்ன ஆகும்? எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அது நடந்தது, அந்த அம்மா அழுததை நான் பார்த்தேன். அதனால் எந்தக் குறிப்பை எடுத்தாலும் தமிழ் வேதாகமத்தைத் திறந்து அந்த அதிகாரம் முழுவதையும் வாசித்துவிட்டுத்தான் பயன்படுத்துகிறேன்.

ஆங்கிலம் பழைய கிங் ஜேம்ஸ் பைபிள் நடை. கவலை பற்றித் தேடினால் 'கேர்' என்ற சொல்லுக்குப் போகச் சொல்லும், பழகச் சில வாரம் ஆகும். காப்புரிமை முடிந்த புத்தகம் என்பதால் இணையத்திலும் பைபிள் மென்பொருள்களிலும் இலவசமாகவே கிடைக்கிறது, வெறும் தேடலுக்கு அது போதும். ஒன்றைத் தேடப் போய்ப் பக்கத்திலிருக்கும் வேறு நாலைப் படிக்கிறவர்கள் அச்சுப் பிரதியை வாங்குங்கள். போன வாரம் 'சால்ட்' பகுதியைத் திரும்பப் பார்க்கப் போனவன் பக்கத்திலேயே 'சமாரியா'வில் மாட்டிக்கொண்டேன், பாடத்துக்கு உப்பை எடுத்துக்கொண்டு போக மணி பதினொன்று ஆகிவிட்டது.