புகை போக ஓட்டை எங்கே? மூன்று பழங்காலக் கிராமங்கள், ஓர் அலசல்

இரும்புக் காலத்து வட்டக் குடிசைக்குள் நுழைந்ததும் கண் தேடுவது கூரை உச்சியில் ஓர் ஓட்டையைத்தான். நடுவில் தீ எரிகிறதே, புகை எங்கே போகும்? இங்கிலாந்தில் ஹாம்ப்ஷயரில் இருக்கும் பட்சர் பண்ணையின் குடிசைகளில் அப்படி ஓட்டை கிடையாது. வைத்தால் காற்று தீயை மேலே இழுத்து, பொறி கூரையில் பற்றிக்கொள்ளும். ஓட்டை இல்லாவிட்டால், புகை தலைக்கு மேலே கூம்பில் தேங்கி, வேய்ந்த வைக்கோலின் இடுக்குகள் வழியே மெல்லக் கசிந்துவிடும். தரையில் உட்கார்ந்து பேசுகிறவருக்குத் தொந்தரவு இல்லை. இதைப் புத்தகம் பார்த்துச் சொல்லவில்லை; கட்டி, தீ மூட்டிப் பார்த்துச் சொன்னார்கள்.

பழங்காலக் கிராமத்தை மறுபடி கட்டியிருக்கிற எந்த இடத்துக்குப் போனாலும் நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "இப்படித்தான் இருந்தது என்று எப்படித் தெரியும்?" மூன்று இடங்களையும் அதை வைத்தே எடைபோடுகிறேன்.

பட்சர் 1972-ல் பீட்டர் ரெனால்ட்ஸ் தலைமையில் ஆராய்ச்சிப் பண்ணையாகத் தொடங்கியது. வெவ்வேறு ஊர்களில் அகழாய்வில் கிடைத்த தரைப்படங்களை வைத்து வீடுகளை எழுப்பினார்கள். கற்கால வீட்டிலிருந்து நாலு எட்டு வைத்தால் ஆயிரக்கணக்கான ஆண்டுகளைத் தாண்டிவிடலாம். ஒரே ஊரில் நிற்கிற உணர்வு வராது, அது குறைதான். ஆனால் அங்கே செய்த தானியக் குழிச் சோதனை ஒன்று போதும் எனக்கு. சுண்ணாம்புப் பாறையில் குழி தோண்டி, தானியத்தைக் கொட்டி, வாயைக் களிமண்ணால் அடைத்தார்கள். ஈரம் படுகிற ஓரத்துத் தானியம் முளைவிட்டு உள்ளே இருக்கும் ஆக்ஸிஜனைத் தின்றுவிடுகிறது. கரியமில வாயு நிறைகிறது. மீதித் தானியம் அப்படியே உறங்கிவிடுகிறது. குளிர்காலம் கழிந்து திறந்தபோது பெரும்பகுதி விதைக்கவே உதவியது. அகழாய்வில் வெறும் பள்ளமாகத் தெரிந்தது களஞ்சியமாக இருந்திருக்க முடியும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

அதே இங்கிலாந்தில் சஃபோக்கில் உள்ள வெஸ்ட் ஸ்டோ வேறு மாதிரி. அங்கே உங்கள் காலடி மண்ணிலேயே ஆங்கிலோ-சாக்சன் மக்கள் 5-ஆம் நூற்றாண்டிலிருந்து 7-ஆம் நூற்றாண்டு வரை வாழ்ந்தார்கள். பிற்காலத்தில் காற்று அடித்துக் குவித்த மணல் அந்த இடத்தை ஏர் படாமல் காப்பாற்றியது. 1965 முதல் 1972 வரை ஸ்டான்லி வெஸ்ட் அகழாய்வு செய்ய, பிறகு அதே இடத்தில் வீடுகள் எழுந்தன. மக்கள் எந்த ஆற்றங்கரையைத் தேர்ந்தார்கள், எந்த மேட்டில் குடியேறினார்கள் என்பதை வேறு எங்கும் கட்டிக் காட்ட முடியாது.

அங்கே நான் அதிகம் மதிப்பது ஒன்று. அகழாய்வில் கிடைத்தவை பெரும்பாலும் பள்ளங்கள். பள்ளத்தின் அடிதான் வீட்டின் தரையா, இல்லை பள்ளத்துக்கு மேலே பலகை பாவியிருந்தார்களா? இரண்டு விதமாகவும் கட்டிப் பார்த்தார்கள். பள்ளத்துக்குள்ளேயே புழங்கினால் மணல் ஓரங்கள் சரிகின்றன. பலகைத் தரை தாங்குகிறது. சந்தேகத்தை ஒளிக்காமல் மரத்தில் செதுக்கிக் கண்முன் நிறுத்தும் நேர்மை அது.

அழகில் ஜெயிப்பது ஜெர்மனியின் உன்டர்உல்டிங்கன்தான். கான்ஸ்டன்ஸ் ஏரிக்குள் கால் ஊன்றி நிற்கும் வீடுகள், நடுவே மரப்பாலங்கள். முதல் இரண்டு வீடுகள் 1922-லேயே வந்துவிட்டன, இப்போது 23. ஆனால் என் கேள்வி இங்கேதான் இடறுகிறது. 1854-ல் சூரிச் ஏரியின் நீர் வடிந்தபோது தெரிந்த மரக்கம்பங்களைப் பார்த்து, தொல்லியல் ஆய்வாளர் ஃபெர்டினான்ட் கெல்லர் இவை நீர்மேல் கட்டிய ஊர்கள் என்றார். உன்டர்உல்டிங்கன் வீடுகளும் அந்த எண்ணத்தில் எழுந்தவைதான். அப்படிப்பட்ட குடியிருப்புகளில் பலவும் கரையின் ஈரநிலத்தில் நின்றவை என்று பின்வந்த ஆய்வுகள் காட்டின. 2011-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த, ஆல்ப்ஸ் மலையைச் சுற்றியுள்ள இத்தகைய 111 இடங்களும் மண்ணிலும் நீரிலும் புதைந்திருக்கும் எச்சங்களுக்காகச் சேர்ந்தவை, மேலே நிற்கும் புது வீடுகளுக்காக அல்ல. படம் எடுக்க இதைவிட நல்ல இடம் இல்லை. பழங்காலம் பற்றி நூறு ஆண்டுக்கு முன் என்ன கனவு கண்டார்கள் என்று பார்க்கவும் போகலாம்.

ஒரே நாள்தான் இருக்கிறது என்றால் பட்சர் போங்கள். அந்த மண்ணில் வாழ்ந்தவர்களின் தடத்தில் நிற்க வேண்டும் என்று தோன்றினால் வெஸ்ட் ஸ்டோ.

அப்புறம், டென்மார்க் பக்கம் போகிறவர்கள் லேய்ராவை விட்டுவிடாதீர்கள். அதுவும் பழங்கால வீடுகளைக் கட்டிப் பார்க்கும் இடம்தான், 1964-ல் தொடங்கியது. 1967-ல் தாங்களே கட்டிய இரும்புக் கால வீடு ஒன்றை வேண்டுமென்றே கொளுத்தினார்கள். 25 ஆண்டு மண்ணில் விட்டு, 1992-ல் அகழாய்வாளர்கள் தோண்டுவது போலவே தோண்டி, எது மிஞ்சியது, எது சுவடே இல்லாமல் போனது என்று பார்த்தார்கள்.