முதல் ரோபோ பெட்டி: பலகை நல்லது, பேட்டரிதான் காலை வாருகிறது

புரோகிராம் ஏற்றி மோட்டாரையும் சென்சாரையும் ஆட்டுவிக்கும் ஆர்டுயினோ ஊனோ வகைப் பலகை ஒன்று, மஞ்சள் நிற கியர் மோட்டார் இரண்டு, மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் எல்298என் மோட்டார் டிரைவர், தூரம் அளக்கும் ஹெச்.சி.எஸ்.ஆர்-04 சென்சார், சொன்ன கோணத்துக்குத் திரும்பும் ஒரு குட்டி சர்வோ மோட்டார், பற்றவைக்காமல் வயர் செருகும் பிரெட்போர்டு, கை நிறைய ஜம்பர் வயர். தயாரித்தவர் பெயர்கூட இல்லாமல் 'தொடக்க நிலை ரோபோ கார்' என்று எங்கும் கிடைக்கிற பெட்டிதான். எட்டாம் வகுப்பு படிக்கும் அக்கா மகளுக்கு வாங்கிக் கொடுத்து, அவள் செய்யச் செய்யப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் பழுது பார்ப்பது என் தொழில் என்பதால் என் கண் புரோகிராமைவிட வயரையும் வோல்ட்டையும்தான் முதலில் தேடும். வாங்கலாமா என்று கேட்டால், தாராளமாக வாங்கலாம். ஆனால் கூடவே வோல்ட் அளக்கும் ஒரு மல்டிமீட்டரும் வாங்குங்கள். அது இல்லாமல் கொடுத்தால் பிள்ளை பாதியிலேயே பெட்டியை மூடி வைத்துவிடும்.

பலகையில் குறை சொல்ல அதிகம் இல்லை. ஆர்டுயினோ 2005இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில் டிசைன் மாணவர்களுக்காக, எலக்ட்ரானிக்ஸ் படிக்காதவர்களும் கையாளட்டும் என்று உருவானது. ஊனோ வந்தது 2010இல். வரைபடங்களை எல்லோருக்கும் திறந்து வைத்ததால்தான் பெயரில்லாத பெட்டியிலும் அதே வடிவமைப்பு வருகிறது. உள்ளே இருப்பது ஏடிமெகா328பி சிப்: 16 மெகாஹெர்ட்ஸ் வேகம், புரோகிராமுக்கு 32 கிலோபைட், ஓடும்போது பயன்படுத்த 2 கிலோபைட் ரேம். கேட்க அற்பமாக இருக்கும். முதல் ரோபோவுக்கு இதுவே மிச்சம். யுஎஸ்பி பக்கத்தில், கம்ப்யூட்டரோடு பேச சிஎச்340 சிப் போட்டிருக்கிறார்கள். கம்ப்யூட்டர் பலகையைக் கண்டுகொள்ளாவிட்டால் அதற்கான டிரைவர் மென்பொருளைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும், கையேட்டில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. எனக்கு வருத்தம் தந்த விஷயம், முக்கிய சிப்பைப் பலகையோடு ஒட்டிவிட்டது. சாக்கெட்டில் நிற்கும் நீளச் சிப்பாக இருந்தால் எரிந்தாலும் பிடுங்கிப் புதிதாகச் செருகலாம். கற்றுக்கொள்கிற கைக்கு அந்த வசதி அவசியம். வாங்கும்போது படத்தைப் பெரிதாக்கி இதை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பூட்டுகிற வேலை சுலபம். அக்ரிலிக் தட்டின் இருபுறமும் ஒட்டியிருக்கும் பழுப்புக் காகிதத்தை உரித்துவிட்டு ஆரம்பிக்க வேண்டும். மோட்டாரைத் தட்டோடு பிணைக்கும் திருகுகளை ஒரேயடியாக முறுக்காதீர்கள், அக்ரிலிக் விரிசல் விடும். அட்டையில் 'சால்டரிங் தேவையில்லை' என்று அச்சடித்திருக்கிறார்கள். மோட்டாரிலோ வயர் இல்லை! பின்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு மெல்லிய தாமிரத் தகடுகளில் நாம்தான் பற்றவைக்க வேண்டும். அந்தத் தகடு காகிதம் மாதிரி. வயரை இரண்டு தரம் அசைத்தால் வேரோடு வந்துவிடும். பற்றவைத்த கையோடு வயரை மோட்டார் உடம்போடு சேர்த்து ஒரு கேபிள் டை போட்டுவிட வேண்டும். அப்படியே இரண்டு தகடுகளுக்கும் குறுக்கே '104' என்று அச்சிட்ட (0.1 மைக்ரோஃபேரட்) ஒரு செராமிக் கெபாசிட்டரும் வைத்துவிட்டால் மோட்டார் கிளப்பும் மின் இரைச்சல் பெருமளவு அடங்கும்.

இனி பேட்டரி. இந்தப் பெட்டியின் பெரிய குறை இதுதான், கையேடு வாயே திறக்காத இடமும் இதுதான்.

கொடுத்திருப்பது நான்கு ஏஏ செல் போடும் டப்பா. வயரெல்லாம் மாட்டி, புரோகிராம் ஏற்றி, யுஎஸ்பி கேபிளோடு விட்டால் கார் அழகாக ஓடுகிறது. கேபிளைப் பிடுங்கியதும் ஒரு துள்ளு துள்ளி நிற்கிறது, மறுபடி துள்ளுகிறது.

"மாமா, திரும்பத் திரும்ப முதல்லேருந்து ஆரம்பிக்குது. புரோகிராம்ல எங்க தப்புன்னே தெரியல."

"புரோகிராமத் தொடாத. மீட்டர எடுத்து 5 வோல்ட் பின்ல வை. வெச்சுக்கிட்டே மோட்டார ஓட விடு."

வைத்தாள். புது செல், டப்பாவில் 6.2 வோல்ட் இருந்தது. டிரைவர் பலகையிலிருந்து ஊனோவுக்குப் போகும் 5 வோல்ட் பின்னில் சும்மா இருக்கும்போதே 4.4தான். மோட்டார் புறப்படும் கணத்தில் எண் 4க்குக் கீழே சரிந்தது. உண்மையான சரிவு அதைவிட ஆழம், அவ்வளவு வேகத்தை இந்த மீட்டரால் பிடிக்க முடியாது. மின்னழுத்தம் சுமார் 2.7 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் சிப் தன்னைத்தானே ரீசெட் செய்துகொள்ளும்படி ஊனோவில் வைத்திருக்கிறார்கள். ஆக, புரோகிராமில் ஒரு தப்பும் இல்லை. அவள் முகத்தில் அப்போது வந்த தெளிச்சியைப் பார்த்தேன், அதற்காகவே இந்தப் பெட்டியை வாங்கலாம்.

ஏன் இப்படி என்றால், எல்298என் பழைய தலைமுறை சிப். உள்ளே பைபோலார் எனும் பழைய வகை டிரான்சிஸ்டர்கள். மோட்டாருக்குப் போகும் வழியிலேயே ஒன்றரை, இரண்டு வோல்ட்டை அது விழுங்கிவிடும். அதே பலகையில் இருக்கும் 5 வோல்ட் ரெகுலேட்டருக்கும் உள்ளே ஏழு வோல்ட்டாவது வந்தால்தான் வெளியே ஒழுங்காக ஐந்து கொடுக்க முடியும். 6 வோல்ட் டப்பாவை வைத்துக்கொண்டு இரண்டு பேரையும் திருப்திப்படுத்த முடியாது. கையேடு கடைசிப் பக்கத்தில் 'சதுர 9 வோல்ட் பேட்டரியும் பயன்படுத்தலாம்' என்கிறது. தயவுசெய்து வேண்டாம். மோட்டார் கேட்கும் கரண்ட்டை அந்தப் பேட்டரியால் தாங்கவே முடியாது.

நாங்கள் ஆறு செல் டப்பா வாங்கி, சார்ஜ் செய்யக்கூடிய நிக்கல் செல்களைப் போட்டோம். ஒன்று 1.2 வோல்ட், ஆறுக்கு 7.2. ஊனோவின் 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 470 மைக்ரோஃபேரட் கெபாசிட்டர் ஒன்று. ரீசெட் ஆவது அதோடு நின்றது. லித்தியம் செல் பலம் கூடியதுதான், ஆனால் வயரை மாற்றி மாற்றிச் செருகும் வயதுப் பிள்ளையின் கையில் நான் கொடுக்க மாட்டேன். ஷார்ட் ஆனால் ஆபத்து. எல்298என்னுக்குப் பதில் டிபி6612 டிரைவர் போட்ட பெட்டி கிடைத்தால் யோசிக்காமல் அதையே எடுங்கள். அதில் மாஸ்ஃபெட் என்ற வேறு வகை டிரான்சிஸ்டர் இருப்பதால் இந்த அளவு மோட்டாருக்கு அரை வோல்ட்கூட வீணாகாது.

தூரம் அளக்கும் சென்சார் பெட்டியிலேயே எனக்கு மிகவும் பிடித்த பாகம். 'ட்ரிக்' என்ற தூண்டும் பின்னுக்கு 10 மைக்ரோ செகண்ட் துடிப்பு கொடுத்தால் 40 கிலோஹெர்ட்ஸில் எட்டு அலை அனுப்பும். எதிரொலி வரும்வரை எக்கோ பின்னில் வோல்ட் உயர்ந்தே இருக்கும். அந்த நேரத்தை மைக்ரோ செகண்டில் எடுத்து 58ஆல் வகுத்தால் சென்டிமீட்டர். கையேடு 58 என்று மட்டும் எழுதிவிட்டுப் போகிறது. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். ஒரு சென்டிமீட்டர் போய்த் திரும்ப ஏறக்குறைய 58 மைக்ரோ செகண்ட். இரண்டு வரியில் சொல்லிவிடலாம், பள்ளியில் படித்த பாடம் கைக்கு வந்துவிடும். இதைச் சொல்லாமல் விட மனசு எப்படி வந்ததோ!

உதாரண புரோகிராமிலும் ஒரு ஓட்டை உண்டு. எதிரொலிக்காக 20,000 மைக்ரோ செகண்ட்தான் காத்திருக்கும், அதற்குள் வராவிட்டால் விடை 0. புரோகிராமோ 0 சென்டிமீட்டரை 'முட்டப் போகிறோம்' என்று எடுத்துக்கொள்கிறது. விளைவு, எதிரே ஒன்றுமே இல்லாத காலி ஹாலில் கார் பயந்து பின்வாங்கும். விடை 0 என்றால் பாதை காலி என்று ஒரு நிபந்தனை சேர்த்தால் சரியாகிவிடும். கனத்த திரைச்சீலையும் சாய்ந்த பரப்பும் எதிரொலியைத் திருப்பித் தராது. அது சென்சாரின் இயல்பு, அதற்காகப் பெட்டியைத் திட்ட முடியாது.

சர்வோ சேர்த்ததும் மோட்டார் வேகம் கட்டுப்பாடில்லாமல் போனால் பதற வேண்டாம். ஊனோவில் சர்வோ லைப்ரரி (சர்வோவை இயக்கும் ஆயத்தப் புரோகிராம்) ஓடும்போது 9, 10 பின்களில் பிடபிள்யூஎம், அதாவது மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் துடிப்பு, கிடைக்காது. கையேடு வேகத்துக்கு அதே இரண்டு பின்களைத்தான் சொல்கிறது. 5, 6க்கு மாற்றுங்கள். வயரிலும் புரோகிராமிலும் மாற்ற வேண்டும்.

பெட்டியின் மூலையில் ஓட்டை ஓட்டையாக இரண்டு கறுப்பு வட்டத் தகடுகள் கிடக்கும். இவை எதற்கு என்று எங்கேயும் எழுதவில்லை. நிறையப் பேர் குப்பையில் போட்டிருப்பார்கள். அது சக்கரச் சுழற்சியை எண்ணும் தகடு. எண்ணிக்கையைப் படிக்கும் சென்சாரைத்தான் கொடுக்காமல் விட்டிருக்கிறார்கள். இந்த மோட்டார்கள் இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றாது, எங்கள் கார் எப்போதும் இடப்பக்கம் சாய்ந்தே போகும். தகட்டில் 20 ஓட்டை, சக்கரத்தின் விட்டம் 65 மில்லிமீட்டர், சுற்றளவு ஏறக்குறைய 204. ஆக, ஒரு ஓட்டைக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர். இந்தக் கணக்கை அவளே நோட்டில் போட்டுக் காட்டினாள். பிளவு வடிவ ஆப்டிகல் சென்சார் இரண்டு தனியாக வாங்கி, துடிப்பு வந்ததும் உடனே கவனிக்கும் இன்டரப்ட் வசதியுள்ள 2, 3 பின்களில் மாட்டியாயிற்று. முந்தி ஓடும் சக்கரத்தின் வேகத்தை எண்ணிக்கை பார்த்துக் குறைக்கும் பகுதியை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறாள்.