டிஎம்எஸ் முடித்த பிறகு பலன் எத்தனை மாதம் நிற்கிறது?

மனச்சோர்வுக்கு டிஎம்எஸ், அதாவது காந்த மூளைத் தூண்டல் சிகிச்சை எடுத்துத் தேறியவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஓராண்டு கழித்தும் பலன் நிற்கிறது. மீதிப் பேருக்கு நடுவில் எங்கோ இறங்குகிறது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2019ஆம் ஆண்டு அலசலில், சிகிச்சையின் முடிவில் பலன் கண்டவர்களில் அதைத் தக்கவைத்தவர்கள் 3 மாதத்தில் 66.5 சதவீதம், 6 மாதத்தில் 52.9 சதவீதம், 12 மாதத்தில் 46.3 சதவீதம். எண்களின் போக்கைக் கவனியுங்கள். பெரிய சரிவு முதல் மூன்று மாதத்திலேயே வந்துவிடுகிறது. அரையாண்டைத் தாண்டியவர்களிடம் அதன்பின் இறக்கம் மெதுவாகத்தான் நடக்கிறது.

2014இல் வெளியான இன்னோர் ஆய்வு 257 பேரை ஓராண்டு பின்தொடர்ந்தது. அதில் பலன் கண்டவர்களில் 62.5 சதவீதம் பேர் ஆண்டு முழுவதும் அதே நிலையில் இருந்தார்கள். முந்தைய எண்ணைவிட இது கணிசமாக அதிகம். ஒரு முக்கியக் காரணம், அந்த ஆய்வில் அறிகுறி திரும்பத் தொடங்கியவர்களுக்கு டிஎம்எஸ்ஸை மறுபடி கொடுக்க அனுமதி இருந்தது. மூன்றில் ஒருவருக்கும் சற்று அதிகமானவர்கள் அப்படி எடுத்துக்கொண்டார்கள், சராசரியாக 16 அமர்வுகள். ஆகவே "ஒரு வருடம் நிற்கும்" என்று விளம்பரத்தில் பார்த்தால், இடையில் மறுசிகிச்சை சேர்ந்ததா என்று கேளுங்கள். இரண்டும் வேறு வேறு கணக்கு.

யாருக்கு நீடிக்கிறது என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது, கடைசி அமர்வன்று நீங்கள் இருக்கும் நிலை. மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விகள் கொண்ட பிஹெச்க்யூ-9 கேள்வித்தாளில் 27க்கு எத்தனை என்று பார்ப்பார்கள், எண் கூடக்கூட நிலை மோசம். தொடக்க மதிப்பெண் பாதியாகக் குறைந்தால் "பலன்", 5க்குக் கீழே வந்தால் "முழுத் தணிவு". 22இலிருந்து 11க்கு வந்தவரும் 22இலிருந்து 3க்கு வந்தவரும் அறிக்கையில் ஒரே வரிசையில் நிற்பார்கள். ஆனால் 11இல் நின்றவருக்குத் தூக்கக் குலைவும் ஆர்வமின்மையும் மிச்சமிருக்கும், அந்த மிச்சத்திலிருந்துதான் நோய் மறுபடி தலைதூக்குகிறது. அதனால் தினசரி அமர்வுகள் வழக்கமாக முடியும் முப்பதாவது அமர்வில் மதிப்பெண் இன்னும் இறங்கிக்கொண்டே இருந்தால் அங்கேயே நிறுத்துவது வீண். இன்னும் 5 முதல் 10 அமர்வுகள் நீட்ட முடியுமா என்று கேட்பது நியாயமான கேள்வி. நான்காவது வாரம்வரை எதுவுமே தெரியாமல், அதற்குப் பிறகு தேறுகிறவர்களும் இருக்கிறார்கள்.

வழக்கமான முறையில் இடப்பக்க முன்நெற்றிப் புறணிக்கு வினாடிக்கு 10 காந்தத் துடிப்பு, 4 வினாடி தூண்டல், 26 வினாடி ஓய்வு. இப்படி 37.5 நிமிடத்தில் 3,000 துடிப்புகள். வாரம் ஐந்து நாள், ஆறு வாரம். அதன்பின் வாரம் மூன்று, இரண்டு, ஒன்று என்று குறைத்துக்கொண்டே வரும் ஆறு அமர்வுகள். ஆக மொத்தம் 36. பலரும் கைவிடுவது இந்தக் கடைசி ஆறைத்தான். தேறிவிட்டோமே, இனி எதற்கு அலைச்சல் என்று தோன்றும். ஆனால் மதிப்பெண் திடீரென ஏறினால் உடனே கண்ணில் படும் காலமும் அதுவே, எனவே அதை முடிப்பது நல்லது. மூன்றே நிமிடத்தில் 600 துடிப்பு தரும் தீட்டா பர்ஸ்ட் முறையை 37.5 நிமிட முறையோடு நேருக்கு நேர் ஒப்பிட்ட 2018ஆம் ஆண்டு ஆய்வு, அது எந்த வகையிலும் குறைவில்லை என்று காட்டியது. நேரம் குறைவு என்பதற்காகப் பலனும் குறைவாக நிற்கும் என்று பயப்பட வேண்டியதில்லை.

நாளுக்குப் பத்து அமர்வு, ஐந்தே நாள் என்ற துரித முறை வேறு கதை. அமெரிக்காவில் 2022இல் அனுமதி பெற்ற இந்த முறையின் இரட்டை மறைப்பு ஆய்வில் (யாருக்கு உண்மைச் சிகிச்சை, யாருக்குப் போலி என்பது நோயாளிக்கும் மதிப்பிடுகிறவருக்கும் தெரியாத ஆய்வு) 29 பேர்தான் இருந்தார்கள், பின்தொடர்ந்தது நான்கு வாரம். தேறும் வேகம் உண்மையிலேயே வியப்பானது. அதற்காக அந்த ஆய்வைக் காட்டி ஓராண்டு உத்தரவாதம் கொடுக்கிறவரை நம்ப வேண்டாம்.

பலன் குறையும்போது எப்படித் தெரியும்? அழுகையோ ஆழ்ந்த சோகமோ முதலில் வருவது குறைவு. அதிகாலை மூன்று, நான்கு மணிக்கு விழிப்பு வந்து திரும்பத் தூக்கம் பிடிக்காது. போனில் கூப்பிட்டால் எடுக்கத் தோன்றாது. குளிப்பதும் பல் தேய்ப்பதும் பெரிய வேலையாகும். இவற்றைச் சிகிச்சை எடுத்தவருக்கு முன்னால் வீட்டிலிருப்பவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். எனவே இரு வாரத்துக்கு ஒருமுறை, ஒரே கிழமையில் பிஹெச்க்யூ-9ஐ நிரப்பித் தேதியோடு எழுதிவையுங்கள். ஒரு மோசமான வாரத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம். அடுத்தடுத்த இரண்டு முறை 5 புள்ளி ஏறியிருந்தால் மருத்துவரை அழைக்கும் நேரம் அது. 20 வரும்வரை காத்திருந்தால் மீட்பதற்கு அதிக அமர்வுகள் தேவைப்படலாம். தற்கொலை எண்ணம் பற்றிய ஒன்பதாவது கேள்விக்கு மட்டும் இந்தக் காத்திருப்பு கிடையாது, அன்றே பேச வேண்டும்.

மாத்திரையை நிறுத்துவது இன்னொரு பொறி. டிஎம்எஸ்தான் குணப்படுத்தியது, மருந்து எதற்கு என்று முடித்த கையோடு விட்டுவிடுகிறவர்கள் உண்டு. தணிவு வந்த பிறகு குறைந்தது ஆறு மாதமாவது மருந்தைத் தொடர்வதுதான் மனச்சோர்வு சிகிச்சையின் பொது வழக்கம், டிஎம்எஸ் எடுத்தவர் அதற்கு விலக்கு இல்லை. பிறகு நிறுத்தினாலும் படிப்படியாக, மருத்துவர் பார்வையில். மருந்தும் டிஎம்எஸ்ஸும் ஒரே வாரத்தில் நின்று, அடுத்த மாதம் அறிகுறி திரும்பினால், எது போனதால் இது வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

தேறிய பிறகு பலனைத் தக்கவைக்கக் கொடுக்கும் பராமரிப்பு அமர்வுகளில் ஒரே விதி இல்லை. மாதம் ஒன்று என்பது பரவலான ஏற்பாடு, ஆனால் அதைச் சும்மா கண்காணிப்பதோடு ஒப்பிட்ட சிறிய ஆய்வில் தெளிவான வேறுபாடு தெரியவில்லை. மாதத்தில் இரண்டரை நாளுக்குள் ஐந்து அமர்வுகளைக் கொத்தாகக் கொடுப்பவர்களும் உண்டு. முதல்முறை தேறியவருக்கு மாதா மாதம் கட்டணம் கட்டவைப்பதைவிட, கவனமாகப் பார்த்து, இறங்கும்போது உடனே கொடுப்பது பெரும்பாலானவர்களுக்குப் போதும் என்பதே என் கணிப்பு. ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை நோய் திரும்பும் வரலாறு உள்ளவருக்குப் பராமரிப்பு பொருந்தும்.

முதல்முறை நன்றாக வேலை செய்தவருக்கு இரண்டாம் முறையும் வேலை செய்யும் வாய்ப்பு அதிகம். ஆனால் அதே இடத்தில், அதே அளவில் கொடுத்தால்தான் அந்த நம்பிக்கைக்குப் பொருள். எனவே கடைசி நாளன்று சிகிச்சைச் சுருக்கத்தை எழுத்தில் வாங்குங்கள்: கருவியும் காயிலும் (தலையில் வைக்கும் காந்தச் சுருள்) எந்த வகை, இயக்க வரம்பு (கட்டைவிரலை அசைக்கத் தேவையான குறைந்தபட்சத் தூண்டல்) கருவியின் முழுத் திறனில் எத்தனை சதவீதம், அந்த வரம்பில் எத்தனை சதவீதத்தில் தூண்டினார்கள் (வழக்கம் 120), துடிப்பு எண்ணிக்கை, மொத்த அமர்வுகள், இடத்தை எப்படிக் குறித்தார்கள். இதில் கடைசித் தகவல்தான் அடிக்கடி விடுபடுகிறது. கட்டைவிரல் அசையும் புள்ளியிலிருந்து முன்னோக்கி 5 அல்லது 5.5 செ.மீ. நகர்த்தும் பழைய முறை தலையின் அளவைக் கணக்கில் எடுப்பதில்லை, தலை பெரியவருக்கு இலக்குக்குப் பின்னால் விழுந்துவிடும். தலைச் சுற்றளவையும் காதுக்குக் காதான தூரத்தையும் மூக்கடியிலிருந்து பிடரிவரையான தூரத்தையும் அளந்து எஃப்3 என்ற இலக்குப் புள்ளியைக் கண்டுபிடிக்கும் முறை மேல். மூளை ஸ்கேனை வைத்து வழிகாட்டும் முறை இன்னும் துல்லியம். "போன தடவை நன்றாக இருந்தது, இப்போது ஒன்றுமில்லை" என்ற புகாரில், இடம் ஓரிரு சென்டிமீட்டர் நகர்ந்ததா என்பதே நான் முதலில் கேட்பது.

இயக்க வரம்பைப் பழைய தாளிலிருந்து அப்படியே எடுத்து வைக்கவும் கூடாது. ஒரு கருவியின் 55 சதவீதமும் வேறு காயில் கொண்ட கருவியின் 55 சதவீதமும் ஒன்றல்ல. தூக்கம் கெட்டிருந்தாலும், மதுவை திடீரென நிறுத்தியிருந்தாலும், குளோனசெபாம் போன்ற பதற்றம் தணிக்கும் மருந்தைக் குறைத்திருந்தாலும், புப்ரோபியான் என்ற மனச்சோர்வு மருந்து புதிதாகச் சேர்ந்திருந்தாலும் மூளையின் தூண்டப்படும் தன்மை மாறும். வலிப்பு அபாயம் ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவுதான், ஆனால் அந்த ஒருவரிடம் இத்தகைய மாற்றம் பெரும்பாலும் முன்கூட்டியே இருந்திருக்கும். இரண்டாம் சுற்றின் முதல் நாளில் மாறிய மருந்துப் பட்டியலைக் கையில் கொடுத்து, வரம்பைப் புதிதாக அளந்த பிறகே தூண்டலைத் தொடங்கச் சொல்லுங்கள். இடையில் தலையிலோ காதிலோ உலோகப் பொருள் பொருத்தும் அறுவை சிகிச்சை ஏதாவது நடந்திருந்தால் நாற்காலியில் உட்காரும் முன்பே சொல்லிவிட வேண்டும்.