சிஸ்டம்டி மதிப்புரை: சர்வரை அணைக்கும்போதுதான் அருமை தெரிகிறது

லினக்ஸ் கணினி எழும்போது சேவைகளைத் தொடங்கி, அணையும்போது நிறுத்தும் மென்பொருள் சிஸ்டம்டி. இவ்வகை மென்பொருளுக்கு இனிட் அமைப்பு என்று பெயர். 2010இல் லெனார்ட் பெட்டரிங்கும் கே சீவர்ஸும் தொடங்கிய அதை 2011இல் ஃபெடோரா 15உம், 2015இல் டெபியன் 8உம் ஆகிய லினக்ஸ் வகைகள் இயல்பான இனிட் அமைப்பாக ஏற்றுக்கொண்டன. அக்காலத்தில் பெரிதும் பேசப்பட்டது பூட் ஆகும் வேகம். மாதக் கணக்கில் ஓடும் சர்வர் சில விநாடிகள் முன்னதாக எழுவதால் அதைப் பராமரிப்பவருக்குப் பெரிய ஆதாயமில்லை. டேட்டாபேஸும் பேக்கப்பும் ஒழுங்காக முடிந்த பிறகுதான் அது அணைகிறதா என்பதே அவருடைய கவலை.

சிஸ்டம்டிக்கு முந்தைய சிஸ்வி இனிட் முறையில் ஒவ்வொரு ரன்லெவலுக்கும் (கணினி இயங்கும் நிலைக்கும்) எஸ் அல்லது கே என்ற எழுத்தும் இரண்டு இலக்க எண்ணும் முன்னால் வரும், ஸ்கிரிப்டுகளுக்கான இணைப்புகளை உருவாக்க வேண்டும். எஸ் தொடங்குவதற்கு, கே நிறுத்துவதற்கு. பார்த்தவுடன் புரியும் ஏற்பாடுதான். ஆனால் ரெட் ஹாட் வகைகளில், வார் லாக் சப்சிஸ் கோப்புறையில் அதே பெயரில் ஒரு பூட்டுக் கோப்பு இல்லாவிட்டால், ரீபூட்டின்போது அந்த கே ஸ்கிரிப்ட் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் தாண்டப்பட்டுவிடும். தொடங்கும் பகுதியில் அந்தப் பூட்டுக் கோப்பை உருவாக்கும் ஒரு டச் கட்டளை விடுபட்டால் போதும், நிறுத்தும் பகுதி ஒருபோதும் ஓடாது.

சிஸ்டம்டி இந்த இடத்தில் தெளிவாக முந்துகிறது. எந்த வரிசையில் தொடங்கியதோ அதற்கு நேர் தலைகீழாக நிறுத்துவது அதன் விதி. அணைக்கும் நேரத்தில் பேக்கப்பை வேறொரு இயந்திரத்துக்கு அனுப்பும் ஸ்கிரிப்ட் வேண்டுமென்றால், சேவையை விவரிக்கும் யூனிட் கோப்பில் டைப்பை ஒன்ஷாட் (ஒருமுறை ஓடி முடிவது) என்றும் ரிமெயின்ஆஃப்டர்எக்ஸிட்டை யெஸ் (முடிந்த பிறகும் செயலில் இருப்பதாகக் கருது) என்றும் வைத்து, நிறுத்தும்போது ஓட வேண்டியதைச் சொல்லும் எக்ஸெக்ஸ்டாப் வரியில் ஸ்கிரிப்டின் முழுப் பாதையைக் கொடுத்து, ஆஃப்டர், வான்ட்ஸ் இரண்டு வரிகளிலும், நெட்வொர்க் தயாரான நிலையைக் குறிக்கும் நெட்வொர்க்-ஆன்லைன் டார்கெட்டைக் குறிப்பிட வேண்டும். ஆஃப்டர் என்பது வரிசையை மட்டுமே சொல்லும். டார்கெட்டை வரவழைப்பது வான்ட்ஸ். நெட்வொர்க்குக்குப் பின் தொடங்கியதாகக் கணக்கில் இருப்பதால், நெட்வொர்க் அறுபடும் முன்பே ஸ்கிரிப்ட் ஓடிவிடும். இதற்காகக் கூடுதலாக ஒரு வரி ஷெல் எழுத வேண்டியதில்லை.

குறைகளும் உண்டு. யூனிட்டை எனேபிள் செய்தால் (பூட்டின்போது தொடங்கும்படி குறித்தால்) மட்டும் போதாது. இப்போதே ஸ்டார்ட்டும் செய்யாவிட்டால் அது செயலில் இல்லாததாகவே கருதப்பட்டு, அடுத்த ரீபூட்டில் எக்ஸெக்ஸ்டாப் ஓடாது. பழைய பூட்டுக் கோப்புச் சிக்கலே வேறு வேடத்தில் திரும்பி வருவதுபோல இருக்கிறது. எனேபிளுடன் நவ் என்ற விருப்பத்தையும் சேர்த்துக் கொடுப்பது நல்ல வழக்கம். யூனிட் கோப்பைத் திருத்தும் ஒவ்வொரு முறையும் அதை மீண்டும் படிக்கச் சொல்லும் டீமன்-ரீலோட் கட்டளையைக் கொடுக்க வேண்டியிருப்பது சலிப்பூட்டுகிறது. ஜர்னல் எனப்படும் சிஸ்டம்டியின் நிகழ்வுப் பதிவுகள் பைனரி வடிவில் இருப்பதால், உரைத் தேடல் கட்டளையான கிரெப்பை நேரடியாகப் போட்டுத் தேடிப் பழகியவர்களுக்கு எரிச்சல் வரும். ஆனால் ஜர்னல்சிடிஎல் கட்டளையில் பி என்ற விருப்பத்துக்கு மைனஸ் ஒன்று கொடுத்தால் முந்தைய பூட் முழுவதும், அது அணைந்த கடைசி வரிகள் உட்பட, கிடைத்துவிடுகிறது. பதிவுகள் வட்டில் நிலையாகச் சேமிக்கப்படும்படி அமைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

முக்கியமான குறை, நிறுத்தும் காலக்கெடு. இயல்பாக 90 விநாடிகள். ஃபெடோரா 38 அதை 45 ஆகக் குறைத்தது. தொங்கிப்போன சேவைக்காகத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அது நீளம், பெரிய டேட்டாபேஸைப் பிரதியெடுக்கும் ஸ்கிரிப்டுக்கோ அது போதாது. கெடு தாண்டினால் பாதியிலேயே கொல்லப்படும். சொந்த ஸ்கிரிப்டுகளுக்கு, இந்தக் கெடுவைக் குறிக்கும் டைம்அவுட்ஸ்டாப்செக் மதிப்பை வேலையின் அளவுக்கேற்பக் கூட்டி வைத்துக்கொள்பவர்களுக்கு, பழைய முறைக்குத் திரும்ப எந்தக் காரணமும் இல்லை.